இந்தியத் தேர்தல்களில் பணம்: செலவு வரம்பின் வரலாறும் இளம் வாக்காளர்களும்

தேர்தல் செலவு வரம்பு என்பது ஒரு வேட்பாளர் தம் தேர்தலுக்காகச் செலவிடக்கூடிய தொகைக்குச் சட்டம் விதிக்கும் மேல் எல்லையாகும். முதல் பொதுத்தேர்தலின்போது பெரும்பாலான மாநிலங்களில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு இந்த வரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. 1998இல் 15 இலட்சமாகவும் 2014இல் 70 இலட்சமாகவும் உயர்ந்தது. 2022 முதல் பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 இலட்சம் ரூபாயும் சட்டமன்றத் தொகுதிக்கு 40 இலட்சம் ரூபாயும் வரம்பாக உள்ளன.

வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் கணக்குகளில் செலவு பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆனால் தேர்தல் காலத்தில் ஒரு தொகுதிக்குள் நடந்துபோகிறவருக்குத் தெரியும் செலவு வேறு. தாளில் உள்ள செலவுக்கும் தெருவில் உள்ள செலவுக்கும் இடையே இந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று, அதைக் குறைக்க என்னென்ன முயற்சிகள் நடந்தன, 18 வயதில் வாக்குரிமை பெற்ற இளைஞர்களுக்கு இதில் என்ன பங்கு உண்டு என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது.

வரம்பு பிறந்த இடம்

இந்தியத் தேர்தல் சட்டத்தின் பல கூறுகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாக்குரிமை சிலருக்கே இருந்தது. அந்தச் சிலரை விலைக்கு வாங்குவதும் எளிதாக இருந்தது. ஓல்டு சேரம் என்ற இடத்தில் மக்கள் குடியிருப்பு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்ட பின்னும், நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்கள் அங்கிருந்து சென்றுகொண்டிருந்தனர். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது.

அன்றைய வாக்காளர் எல்லார் முன்னிலையிலும் தம் வாக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆகவே பணம் கொடுத்தவருக்குத் தாம் கொடுத்த பணத்துக்கு வாக்கு விழுந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். 1872இல் மறைவாக்கெடுப்பு முறை வந்தபின் அந்த உறுதி போயிற்று. ஆயினும் பணம் நிற்கவில்லை. 1880ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நடந்த பெரும் முறைகேடுகளைத் தொடர்ந்து, கிளாட்ஸ்டன் ஆட்சியில் 1883ஆம் ஆண்டு ஊழல் மற்றும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு வேட்பாளர் இவ்வளவுதான் செலவிடலாம், செலவு யாவும் ஒரு தேர்தல் முகவர் வழியாகவே நடக்க வேண்டும், தேர்தல் முடிந்தபின் கணக்குக் காட்ட வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள்.

அச்சட்டம் வேட்பாளரைக் கட்டுப்படுத்தியது. நாடு முழுவதும் கட்சிகள் செய்த செலவை அது தொடவில்லை. அக்குறையை நீக்கிக் கட்சிகளின் தேசிய அளவிலான தேர்தல் செலவுக்கும் வரம்பு விதிக்கும் சட்டம் இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. இடையில் கழிந்தவை 117 ஆண்டுகள்.

இந்தியச் சட்டத்தில் செலவு வரம்பு

வாக்காளருக்குக் கையூட்டுக் கொடுப்பது இந்தியாவில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அப்போது சேர்க்கப்பட்ட பிரிவுகள் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழி செய்தன. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவர் மட்டுமன்றி வாங்குபவரும் குற்றவாளியே. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்நிலை தொடர்கிறது.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவு செலவுக் கணக்கையும் வரம்பையும் பற்றியது. வேட்புமனு அளிக்கப்பட்ட நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரையிலான செலவே இன்று கணக்கில் சேர்கிறது. முடிவு வெளியான 30 நாள்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கைத் தர வேண்டும். தராதவரை மூன்று ஆண்டுகள் போட்டியிடத் தகுதியற்றவராக்க 10அ பிரிவு இடமளிக்கிறது. வரம்பை மீறிச் செலவிடுவதை 123ஆம் பிரிவு ஊழல் செயல்களுள் ஒன்றாகக் கொள்கிறது. அது மெய்ப்பிக்கப்பட்டால் வெற்றியே செல்லாது.

கணக்குக் காட்டாதவர் பொறுப்புக்கு வரக்கூடாது என்னும் எண்ணம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, முன்பு வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாமல் சென்றவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவராக்குகிறது. அதே கல்வெட்டு நிலமும் சொந்த மனையும் உடையவர்களுக்கே இடம் தந்தது என்பதையும், 35 வயதுக்குக் குறைந்தவர்களை விலக்கியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாகக் கருத முடியாது. ஆனால் கணக்கைப் பற்றிய அதன் கண்டிப்பு நினைவில் கொள்ளத்தக்கது.

நிறுவனங்களின் நன்கொடை

கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி 1950களிலேயே நீதிமன்றத்துக்கு வந்தது. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்கும் வகையில் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் தன் அமைப்பு விதியைத் திருத்த முற்பட்டபோது, அதை எதிர்த்து ஒரு வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா, சட்டப்படி அதைத் தடுக்க இயலவில்லை என்று கூறினார். அதே தீர்ப்பில், பெருநிறுவனப் பணம் மக்களாட்சிக்கு விளைவிக்கக்கூடிய ஆபத்தைக் குறித்தும் அவர் எச்சரித்தார்.

1962இல் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு அமைக்கப்பட்டது. மத்தியக் கண்காணிப்பு ஆணையம் 1964இல் உருவானது இக்குழுவின் பரிந்துரையால்தான். கட்சிகள் நிதி திரட்டும் முறையே உயர்மட்ட ஊழல் பற்றிய மக்களின் ஐயத்தை வளர்க்கிறது என்றும் இக்குழு கருதியது.

1969இல் நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தருவது முற்றாகத் தடை செய்யப்பட்டது. கேட்பதற்கு இது நல்ல சட்டமாகத் தோன்றும். ஆனால் கட்சிகளின் செலவு குறையவில்லை; அரசு நிதியும் வேறு வழியும் தரப்படவில்லை. காசோலையாக வந்துகொண்டிருந்த பணம் கணக்கில் வராத ரொக்கமாக மாறியது. உரிமம் பெற்றே தொழில் நடத்த வேண்டியிருந்த அக்காலத்தில், உரிமம் கேட்பவருக்கும் உரிமம் தருபவருக்கும் இடையே இந்த ரொக்கம் கைமாற வழி ஏற்பட்டது. 1985இல் தடை நீக்கப்பட்டு, நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 5 விழுக்காடு வரை நன்கொடை தரலாம் என்று விதிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் இதை 7.5 விழுக்காடாக உயர்த்தியது.

1974: ஒரு தீர்ப்பும் ஓர் அவசரச் சட்டமும்

தாளுக்கும் தெருவுக்கும் இடையிலான இடைவெளி சட்டத்திலேயே இடம்பெற்ற ஆண்டு 1974. டில்லி சதர் தொகுதியில் 1971இல் அமர்நாத் சாவ்லா வெற்றி பெற்றார். அவர் வரம்பை மீறிச் செலவிட்டதாகத் தோல்வியுற்ற கன்வர் லால் குப்தா வழக்குத் தொடுத்தார். அத்தொகுதிக்கு அன்றைய வரம்பு 10,000 ரூபாய். வேட்பாளருக்காக அவருடைய கட்சி செய்யும் செலவும், அவர் அறிந்து ஏற்றுக்கொண்டதாக இருந்தால், அவர் கணக்கிலேயே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1974 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது. சாவ்லாவின் வெற்றி செல்லாததாயிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி. என். பகவதி. பணம் படைத்தவரும் படைக்காதவரும் சமவாய்ப்போடு போட்டியிடவே வரம்பு விதிக்கப்பட்டது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

அதே மாதத்திலேயே மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கட்சியோ, நண்பர்களோ, ஆதரவாளர்களோ செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகாது என்ற விளக்கம் 77ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. பின்னர் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கியது. 1975இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்று ஏற்றது. இதன்பின் வரம்பு என்பது ஒரு வாசலை மட்டும் பூட்டிய வீடு போலாயிற்று. வேட்பாளர் செலவிட்டால் குற்றம். அவருக்காக வேறொருவர் அதே செலவைச் செய்தால் குற்றமில்லை.

கட்சிகள் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தே ஆகவேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம், கட்சித் தலைவர்களின் பயணச் செலவுக்கு மட்டும் விலக்கு என்று 77ஆம் பிரிவின் விளக்கத்தைச் சுருக்கியது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்தது. எனினும் கட்சி தனக்காகச் செய்யும் பொதுப் பரப்புரைச் செலவுக்கு இந்தியாவில் இன்றுவரை வரம்பு கிடையாது.

18 வயது வாக்குரிமையும் 1989 தேர்தலும்

அரசமைப்பின் 326ஆம் உறுப்பு தொடக்கத்தில் 21 வயது நிரம்பியோருக்கே வாக்குரிமை அளித்தது. இராசீவ் காந்தி ஆட்சியில் நிறைவேறிய 61ஆவது திருத்தம் அதை 18ஆகக் குறைத்தது. இது 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. 1984இல் சுமார் 40 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 1989இல் ஏறத்தாழ 50 கோடியாயிற்று. இதில் மக்கள்தொகைப் பெருக்கத்தின் பங்கும் உண்டு.

அவ்வாண்டு நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலின் முதன்மையான விவாதம் ஊழல். சுவீடனின் போபர்சு நிறுவனத்திடம் பீரங்கிகள் வாங்கியதில் தரகுப்பணம் கைமாறியதாக 1987 ஏப்பிரலில் சுவீடன் வானொலி செய்தி வெளியிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தி இந்து நாளிதழ் ஆவணங்களைத் தொடர்ந்து வெளிக்கொணர்ந்தது. 1984இல் 400க்கு மேற்பட்ட இடங்களை வென்றிருந்த காங்கிரசு 1989இல் 197 இடங்களைப் பெற்று ஆட்சியை இழந்தது. இராசீவ் காந்தி மீதான கையூட்டுக் குற்றச்சாட்டை அவருடைய மறைவுக்குப் பின் 2004இல் டில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இளைஞர்கள் ஊழலை எதிர்த்து ஆட்சியை மாற்றினார்கள் என்று இதை ஒரே வரியில் சுருக்கிவிட முடியாது. அதே தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38ஐக் காங்கிரசு – அ.தி.மு.க. கூட்டணி வென்றது. இங்கும் 18 வயது இளைஞர்கள் வாக்களித்தார்கள். வயது ஒன்றே வாக்கின் திசையைத் தீர்மானிப்பதில்லை. கூட்டணி, சாதி, தலைவர் மீதான பற்று, ஊர்ச் சூழல் ஆகிய யாவும் இளைஞர் மீதும் செயல்படுகின்றன.

வேட்பாளரை அறியும் உரிமை

1990 இறுதியில் தலைமைத் தேர்தல் ஆணையரான டி. என். சேஷன், ஏட்டில் இருந்த விதிகளைக் களத்தில் செயல்படுத்தினார். வேட்பாளரின் செலவைப் பார்வையாளர்களைக் கொண்டு கண்காணிப்பதும் வாக்காளர் அடையாள அட்டையும் அவர் காலத்தில் வலுப்பெற்றன.

அடுத்த மாற்றம் ஆசிரியர்களிடமிருந்து வந்தது. அகமதாபாத்து இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999இல் சனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்து வழக்குத் தொடுத்தனர். வேட்பாளர்கள் தம் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் வலிமையைக் குறைக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த 33ஆ பிரிவையும் 2003 மார்ச்சில் நீதிமன்றம் நீக்கியது. உறுதிமொழிப் பத்திரத்தில் எந்த இடத்தையும் வெற்றாக விடக்கூடாது என்பது 2013இலும், வருமானத்துக்கான மூலத்தையும் காட்ட வேண்டும் என்பது 2018இலும் தீர்ப்புகளாக வந்தன. இன்று படிவம் 26 என்ற பெயரில் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் காணக்கூடியதாக இருப்பது இப்போராட்டத்தின் பயனே.

தேர்தல் பத்திரங்கள்

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நிறுவன நன்கொடைக்கிருந்த 7.5 விழுக்காட்டு வரம்பை நீக்கியது. 2018 சனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை வாங்கிக் கட்சிக்குத் தரலாம். தந்தவர் யார் என்பது பொதுமக்களுக்குத் தெரியாது. கணக்கில் வராத ரொக்கத்தை வங்கி வழிக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்று அரசு கூறியது. ரூபாய் வங்கி வழியாக வந்தது உண்மை. கொடுத்தவரின் பெயர் மறைக்கப்பட்டதும் உண்மை.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இத்திட்டத்தை நீக்கியது. பணம் தருபவருக்கும் ஆட்சியில் இருப்பவருக்கும் இடையே கைம்மாறு இருக்கக்கூடும் என்பதால், அதை அறிவது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்புக் கூறியது. அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பத்திரங்கள் விற்கப்பட்டிருந்தன.

தமிழ்நாட்டில் நிறுத்தப்பட்ட தேர்தல்கள்

வாக்குக்குப் பணம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் 2009 சனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல் நினைவுகூரப்படுகிறது. அதன் பெயரிலேயே ஒரு சொல்வழக்கு உண்டாகிவிட்டது. 2016 சட்டமன்றப் பொதுத்தேர்தலில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளின் தேர்தலை, வாக்காளருக்குப் பணம் வழங்கப்பட்டதாகக் கூறி ஆணையம் நீக்கியது. அவை அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் நடந்தன. 2017 ஏப்பிரலில் சென்னை இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலும் வாக்குப்பதிவுக்குச் சில நாள்களுக்கு முன் நீக்கப்பட்டு டிசம்பரில் நடந்தது. 2019 ஏப்பிரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் நீக்கப்பட்டு ஆகத்து 5 அன்று நடந்தது. பண வழங்கல் காரணமாக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் நீக்கப்பட்டது நாட்டில் அதுவே முதல்முறை.

வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நீக்கச் சட்டத்தில் தனிப்பிரிவு உண்டு. பணத்துக்கு அப்படிப் பிரிவு இல்லை. எனவே அரசமைப்பின் 324ஆம் உறுப்பு தரும் பொது அதிகாரத்தைக் கொண்டே ஆணையம் செயல்பட்டது. தேர்தலை நிறுத்துவதால் தொகுதி மக்கள் சில மாதங்கள் உறுப்பினர் இன்றி இருந்தார்களே தவிர, பணம் கொடுத்தவர் மீண்டும் போட்டியிடுவது தடைப்படவில்லை.

இளம் வாக்காளர்களால் என்ன மாறும்?

2024 பொதுத்தேர்தலின்போது பட்டியலில் இருந்த 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடி. 20 முதல் 29 வயதுக்குட்பட்டோர் 19 கோடிக்கு மேல். மொத்த வாக்காளர் ஏறத்தாழ 97 கோடி. முதல் எண் சிறியது. அந்த இரு வயதினரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அவர்களில் பாதிப்பேர்கூடப் பட்டியலில் சேரவில்லை. ஊழலைப் பற்றி இணையத்தில் எழுதும் இளைஞரின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் அவருடைய சினத்துக்குத் தேர்தலில் மதிப்பில்லை. முன்பு சனவரி 1 அன்று 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஆகத்து முதல் சனவரி, ஏப்பிரல், சூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்கள் தகுதி நாள்களாகக் கொள்ளப்படுகின்றன. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே படிவம் 6 அளிக்கலாம்.

இரண்டாவது, வாக்கின் மறைவைப் புரிந்துகொள்வது. “யாருக்குப் போட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்” என்ற அச்சம் ஊர்களில் இன்றும் உண்டு. வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியிடப்படுவதால் ஒரு பகுதியின் போக்கு கட்சிகளுக்குத் தெரியும். தனி ஒருவரின் வாக்கு எவருக்கும் தெரியாது. ஒப்புகைச் சீட்டும் ஏழு நொடி கண்ணாடிக்குப் பின் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது. 1872இல் தொடங்கிய பாதுகாப்பு இதுவே. வீட்டிலுள்ள முதியவருக்கு இதை எடுத்துச் சொல்லக் கூடியவர் படித்த பேரப்பிள்ளைதான்.

மூன்றாவது, நன்றியைப் பற்றிய தெளிவு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். பணத்தைத் தந்து சத்தியம் வாங்குபவர்கள் இந்த நல்ல குணத்தையே பயன்படுத்திக்கொள்கிறார்கள். கணக்கில் இல்லாமல் செலவிட்ட தொகை ஐந்து ஆண்டுகளில் ஏதேனும் ஒரு சாலையிலோ, கட்டடத்திலோ, பணி நியமனத்திலோ திரும்ப எடுக்கப்பட வேண்டும். அப்படியானால் அந்த உப்பு யாருடையது என்று கேட்டுப்பார்க்க வேண்டும். சட்டப்படி குற்றமான ஒரு கொடுக்கல் வாங்கலில் அளித்த வாக்குறுதி எவரையும் கட்டுப்படுத்தாது. வறுமையில் இருப்பவரை இதற்காக இழிவாகப் பேசுவதும் தகாது. அவருக்கு அந்தத் தொகை ஒரு வாரக் கூலியாக இருக்கலாம். வாங்காமல் இருக்க வசதியுள்ளவர்கள் முதலில் வாங்காமல் இருப்பதே தொடக்கம்.

நான்காவது, தகவலைப் பயன்படுத்துவது. படிவம் 26ஐப் பதிவிறக்கி, ஒரே வேட்பாளரின் முந்தைய தேர்தல் சொத்துக் கணக்கோடு ஒப்பிடுவது ஒரு மாணவர் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடிய பணி. தேர்தல் முடிந்தபின் தாக்கலாகும் செலவுக் கணக்கையும் பார்க்கலாம். விதிமீறலைப் படம்பிடித்து அனுப்ப 2018 முதல் சி-விசில் செயலி உள்ளது. சமூக ஊடக விளம்பரச் செலவும் கணக்கில் சேர வேண்டும் என்று 2013லேயே ஆணையம் அறிவுறுத்தியுள்ளது. சுவரொட்டியிலிருந்து கைப்பேசிக்கு மாறிவரும் இச்செலவை முதலில் காண்பவர்கள் இளைஞர்களே.

இவற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. 1883 முதல் ஒவ்வொரு சட்டமும் ஒரு வழியை அடைத்தது. பணம் மற்றொரு வழியைக் கண்டது. கட்சிகளின் செலவுக்கு வரம்பு விதிக்கும் சட்டத்தைக் கட்சிகளே இயற்ற வேண்டியிருக்கிறது என்பது இதிலுள்ள பெரிய தடை. வாக்காளர்கள் அதைக் கேட்காதவரை அவர்கள் அதை இயற்றப்போவதில்லை. இனி வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், “உங்கள் கட்சி எவ்வளவு செலவிடுகிறது, யார் தருகிறார்கள்?” என்று முதல்முறை வாக்காளர் ஒருவர் கேட்கத் தொடங்கலாம். அதைக் கேட்பதற்கு 18 வயதுகூட நிரம்பியிருக்க வேண்டியதில்லை.